பூ ஓவியம் அச்சிட்ட ஹார்டு ஷெல் பெட்டி: வாங்கலாமா, படம் நிற்குமா?

கோவைத்தென்றல்

எல்லோருக்கும் வணக்கம். மகள் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். 28 அங்குலப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். கறுப்பு, நேவி ப்ளூ எதைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வான்கோவின் பாதாம் பூ ஓவியம் முழுக்க அச்சிட்ட ஹார்டு ஷெல் பெட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும் என்பதால் பலமாக மறுக்கவும் முடியவில்லை.

தேடியதில் மூன்று வழி தெரிகிறது. கடைவீதியில் பூப்படம் போட்ட ஏபிஎஸ் (ஒருவகைப் பிளாஸ்டிக்) பெட்டி ஒன்று இருக்கிறது, விலை குறைவு. இணையத்தில் பாலிகார்பனேட் என்ற வேறொரு பிளாஸ்டிக் என்று சொல்லி இரண்டு மடங்குக்கு மேல் விலையில் ஒன்று விற்கிறார்கள். எங்கள் தெருமுனையில் கார் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவர், "வெள்ளைப் பெட்டி வாங்கிட்டு வாங்க, எந்தப் படம் வேணுமோ ஒட்டித் தர்றேன்" என்கிறார்.

எது தாங்கும்? விமான நிலைய பெல்ட்டில் சில தடவை போய் வந்தால் பூவெல்லாம் உதிர்ந்துவிடுமா?

கணக்குப்பிள்ளை

உதிரும். பெட்டி என்பது அடி வாங்கவே பிறந்தது, அதன் தலையில் ஓவியம் எதற்கு? சாதாரணச் சாம்பல் நிறப் பெட்டி வாங்கி, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்புங்கள். மிச்சப் பணத்துக்கு அங்கே குளிருக்கு நல்ல ஷூ வாங்கலாம்.

பெட்டிமெக்கானிக்

அக்கா, நான் பெட்டி பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். அதற்கு முன் ஷெல் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். என்ன படம் என்பதை அப்புறம் பார்க்கலாம். படம் ஷெல்லுக்குள் எப்படிப் போனது என்பதை முதலில் பாருங்கள். பெட்டியின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது.

நல்ல பெட்டியில் படத்தை ஷெல் மேல் அச்சடிப்பதே இல்லை. கண்ணாடி போன்ற மெல்லிய பாலிகார்பனேட் ஃபிலிமின் அடிப்பக்கத்தில் படத்தைத் தலைகீழாக அச்சிட்டு, அதைக் கெட்டியான ஷீட்டோடு சேர்த்து லேமினேட் செய்வார்கள். பிறகு அந்த ஷீட்டைச் சூடாக்குவார்கள். பாலிகார்பனேட் 147 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் இளக ஆரம்பிக்கும். மோல்டில் இழுக்க அதற்கும் மேலே போக வேண்டும். வாழையிலையை நெருப்பில் காட்டினால் துவளுமே, அதுபோல ஷீட் துவளும்போது மோல்டின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சினால் ஷெல் வடிவம் வந்துவிடும். மை ஃபிலிமுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருப்பதால் கீறல் விழுந்தாலும் ஃபிலிமில்தான் விழும், பூவுக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டாவது வகை, ஷெல் செய்து முடித்த பிறகு அதன்மேல் யுவி பிரிண்ட் (புற ஊதா ஒளியில் மையை உலர்த்தும் அச்சு) அடிப்பது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் மை வெளியே இருக்கிறது, உரசினால் மைதான் போகும். மூன்றாவது ஸ்டிக்கர். அதை அப்புறம் சொல்கிறேன்.

கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க ஒரு வழி: படத்தில் அடர்த்தியான நிறமும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகத்துக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டால் மை மேலே இருக்கிறது என்று அர்த்தம். வழுவழுவென்று ஒன்றுமே தெரியாமல் போனால் மை உள்ளே இருக்கிறது. அடுத்து மூலையைப் பாருங்கள். ஷீட் மூலையில்தான் அதிகம் இழுபடும், அங்கே நிறம் வெளிறும், பூ நீண்டுபோகும். கவனமாகச் செய்தவர்கள் இந்த இழுவையை முன்கூட்டியே கணக்குப் போட்டு, மூலைப் பகுதியைச் சுருக்கி அச்சிட்டிருப்பார்கள். மூலையில் பூ பூவாகவே இருந்தால் வேலை தெரிந்தவன் செய்த பெட்டி.

ஏபிஎஸ்ஸா பாலிகார்பனேட்டா என்றால், ஏபிஎஸ் விறைப்பாக இருக்கும், பலமான அடியில் மூலை விரியும். பாலிகார்பனேட் அமுங்கி மீளும். நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

வண்ணக்குழம்பு

பெட்டிமெக்கானிக் சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. இந்தப் படத்தைப் பெட்டியில் போடுவதில் தொழில்நுட்பம் தாண்டி இன்னொரு சிக்கல் இருக்கிறது.

வான்கோ இதை வரைந்தது 1890 பிப்ரவரியில், தெற்கு பிரான்ஸில் சான்-ரெமி காப்பகத்தில் இருந்தபோது. தம்பி தியோவுக்கு ஜனவரி 31 அன்று ஆண் குழந்தை பிறந்து, அதற்கு வின்சென்ட் என்று அண்ணன் பெயரையே வைத்தார்கள். அந்தக் குழந்தைக்கான பரிசுதான் இந்த ஓவியம். குளிர்காலம் முடியும் முன்பே பூக்கிற மரம் பாதாம், அதனால் அதைத் தேர்ந்தெடுத்தார். இப்போது ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் உருவாகக் காரணமானவரே அந்தக் குழந்தைதான், வளர்ந்து தன்னிடமிருந்த ஓவியங்களை அறக்கட்டளைக்குக் கொடுத்தவர்.

இப்போது அளவுக்கு வாருங்கள். ஓவியம் சுமார் 73 செ.மீ. உயரம், 92 செ.மீ. அகலம். அதாவது படுக்கைவாட்டுப் படம். பெட்டி நிற்பது நெட்டுக்குத்தாக. அப்படியானால் ஒன்று, படத்தில் பாதிக்குக் கிட்டே வெட்ட வேண்டும்; இல்லை, திருப்பிப் போட வேண்டும். பல பெட்டிகளில் திருப்பித்தான் போட்டிருக்கிறார்கள். கிளைகள் மேலிருந்து தொங்குவதுபோல் ஆகிவிடுகிறது. மற்ற ஓவியமாக இருந்தால் அபத்தமாகத் தெரியும். இதில் தரையும் இல்லை, அடிமரமும் இல்லை, நீல வானத்தின் குறுக்கே கிளைகள் மட்டும். ஜப்பானிய மர அச்சுப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அமைப்பு அது. எனவே திருப்பினாலும் பாதகமில்லை.

சூரியகாந்தியை எடுத்துக்கொண்டால் அது நெட்டுக்குத்துப் படம், பெட்டிக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். ஆனால் ஜாடி கீழே இருக்கிறது. ஜாடிமேல் "வின்சென்ட்" என்று கையெழுத்து. அந்த இடத்தில் வீல் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

பனிநாட்டான்

நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோ. கணக்குப்பிள்ளை அண்ணை ரிப்பன் கட்டச் சொல்லுறார். இங்க பியர்சன் விமான நிலையத்தில் வந்து ஒருக்கால் பாருங்கோ. கறுப்புச் சூட்கேஸ் எல்லாத்திலயும் சிவப்பு ரிப்பன்தான். தூரத்தில இருந்தே கண்டுபிடிக்கப் பூப்போட்டது நல்லம், அதில சந்தேகமில்லை.

ஆனா பாதாம் பூவில ஒரு சிக்கல். அது எல்லாருக்கும் பிடிச்ச படம். போன வருசம் பெல்ட்டில என்ர மனுசி தன்ர பாதாம் பூ சூட்கேஸை எடுக்கப் போக, பக்கத்தில நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாவும் அதையே பிடிச்சா. ரெண்டும் ஒரே அளவு, ஒரே நீலம். பெயர்த் துண்டைப் பார்த்துத்தான் பிரிச்சது. எல்லாரும் வைச்சிருக்கிற பூவை விட்டிட்டு வேற பூவைப் பாருங்கோ.

வண்ணக்குழம்பு

அப்படியானால் என் பரிந்துரை ராகேல் ரூய்ஷ். 1664இல் பிறந்த டச்சு ஓவியர். அப்பா பிரெடரிக் ரூய்ஷ் உடற்கூறியல், தாவரவியல் இரண்டிலும் பெரிய ஆள். அவர் பாடம் செய்து வைத்திருந்த தொகுப்பை 1717இல் ரஷ்ய மன்னர் பீட்டரே வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் பூவையும் பூச்சியையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த பெண். பத்துக் குழந்தைகளைப் பெற்றார், 1708இல் டியூஸல்டார்ஃப் அரசவை ஓவியரானார், 80 வயது தாண்டியும் வரைந்தார். 1750இல் இறக்கும் வரை கேட்ட விலை கிடைத்த ஓவியர் என்றே சொல்லலாம்.

அவர் ஓவியத்தில் ஒரு ரோஜா இதழின் ஓரத்தைப் பாருங்கள். பழுப்பேறிச் சுருண்டிருக்கும், அதன்மேல் எறும்பு ஊரும். ஒரே ஜாடியில் வசந்தத்தில் பூப்பதும் கோடையில் பூப்பதும் சேர்ந்திருக்கும். நிஜத்தில் அப்படி ஒரு பூங்கொத்தை யாரும் கட்டியிருக்க முடியாது; தனித்தனியாக வரைந்து வைத்ததைச் சேர்ப்பது அந்தக் கால டச்சு ஓவியர்களின் வழக்கம். பின்னணி கருமை. பூக்கள் இருட்டிலிருந்து முன்னே வரும். தவிர, படமும் நெட்டுக்குத்து. டியூஸல்டார்ஃப் ஜெர்மனியில்தான் இருக்கிறது, மகளுக்குப் பொருத்தம் வேறு!

பெட்டிமெக்கானிக்

சார், படம் அருமைதான். பெட்டிக்கு வேண்டாம்.

பாலிகார்பனேட்டில் கீறல் விழுந்தால் அந்த இடம் வெளுப்பாகத் தெரியும். கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு கீறலும் சுண்ணாம்புக் கோடு மாதிரி எழும்பி நிற்கும். மை உள்ளேதான் இருக்கிறது, அழியவில்லை, ஆனாலும் பார்க்கிறவர் கண்ணுக்குக் கோடுதான் தெரியும். எங்கள் கடைக்கு வருகிற டார்க் கலர் பளபளப்புப் பெட்டிகள் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. வெளிர் நிறம், நிறைய சின்னச் சின்னக் கோடுகள் உள்ள படம், சொரசொரப்பான மேட் பூச்சு மூன்றும் இருந்தால் கீறல் கலந்து மறைந்துவிடும். பாதாம் பூ அந்த வகையில் நல்ல படம். கிளையோடு கிளையாக நாலு கீறலும் போய்விடும்.

வரிவரியாகப் பள்ளம் உள்ள பெட்டியையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பள்ளங்கள் அழகுக்கு மட்டும் இல்லை, ஷெல்லுக்கு விறைப்பு கொடுப்பதே அவைதான். அதில் படம் போட்டால் பூ துண்டு துண்டாகும். அதனால் பட வேலைப்பாட்டுக்காரர்கள் சமதள ஷெல் எடுப்பார்கள். சமதளம் என்றால் அதற்கு ஈடாகக் கனம் கூடுதலாக இருக்க வேண்டும். கனமும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் இருந்தால் அந்தப் பெட்டியை எடுக்காதீர்கள், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கோவைத்தென்றல்

இவ்வளவு விஷயம் இருக்கிறதா! மெக்கானிக் தம்பி, ஸ்டிக்கர் பற்றி அப்புறம் சொல்வதாகச் சொன்னீர்களே? கடைக்காரர் தினமும் கேட்கிறார்.

பெட்டிமெக்கானிக்

சமதள ஷெல்லில், நல்ல வினைலில், வெயில் தாங்கும் லேமினேஷனோடு ஒட்டினால் முதல் பயணத்துக்கு நன்றாகவே இருக்கும். பிரச்சினை ஓரங்களில்தான். ஜிப் ஓரம், வீல் வளைவு, கைப்பிடிக் குழி, இந்த மூன்று இடத்திலும் ஸ்டிக்கரை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய விளிம்பு பெல்ட்டில் உரசி எழும்பும். எழும்பிய இடத்தில் தூசி ஒட்டும். அதற்குப் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உரியும்.

இன்னொன்று, கடைக்காரர் வாங்கி வரச் சொன்ன வெள்ளைப் பெட்டி பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் எதுவுமே ஒழுங்காக ஒட்டாது. மையும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. தொழிற்சாலையில் அதன்மேல் தீச்சுடர் காட்டியோ மின்பொறி பாய்ச்சியோ மேற்பரப்பைத் தயார் செய்த பிறகுதான் அச்சடிப்பார்கள். தெருமுனைக் கடையில் அது நடக்காது.

கணக்குப்பிள்ளை

ஒரு கேள்வி. வான்கோ படத்தை யார் வேண்டுமானாலும் பெட்டியில் அடித்து விற்கலாமா? காப்புரிமை கிடையாதா?

குமாஸ்தா

இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை. பல ஐரோப்பிய நாடுகளில் 70. வான்கோ இறந்தது 1890, பிரெஞ்சு ஓவியர் மோனே 1926, ரூய்ஷ் 1750. எல்லாம் பொதுச் சொத்து. அதனால்தான் சந்தையில் இவர்கள் படங்களே நிறைந்து கிடக்கின்றன.

ஆனால் பூ என்றாலே நினைவுக்கு வருகிற அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் விஷயம் வேறு. அவர் 1986இல்தான் இறந்தார். அவருடைய வெள்ளை ஊமத்தம்பூ ஓவியம் ஒன்று 2014இல் 4.44 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்தப் படத்தை அனுமதி இல்லாமல் பெட்டியில் அடித்தால் வழக்குத்தான். விலை மலிவான பெட்டியில் ஓ'கீஃப் பூவைப் பார்த்தால் அனுமதி வாங்கியிருப்பார்களா என்று சந்தேகப்படலாம்.

ஸ்டிக்கர்தான் என்று முடிவானால் படத்தைக் கண்ட இடத்தில் எடுக்காதீர்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் தன் தளத்தில் பெரிய கோப்புகளை இலவசமாகத் தருகிறது. நியூயார்க் மெட் அருங்காட்சியகமும் 2017இலிருந்து தருகிறது. 28 அங்குலப் பெட்டியின் முகம் 75 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், அங்குலத்துக்கு 150 புள்ளி கணக்கில் நீளவாட்டில் 4,400 பிக்சலாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுத்தால் பூ இருக்காது, கட்டம் கட்டமாகத்தான் இருக்கும்.

சிங்கைக்காரி

நிறம் மங்குவதைப் பற்றி யாரும் பேசவில்லையே? என் பெட்டியில் இளஞ்சிவப்புப் பியோனிப் பூக்கள். பால்கனியில் வெயில் படுகிற மூலையில் வைத்திருந்தேன். ஒரு பக்கம் இப்போது ஏதோ ஊதா கலந்த நீலமாகிவிட்டது. மறுபக்கம் அப்படியே இருக்கிறது.

வண்ணக்குழம்பு

அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் வெயிலில் முதலில் போகும், நீலம் நின்றுவிடும். நம் ஊர் சலூன் வாசலில் ஒட்டிய பழைய போஸ்டர்கள் எல்லாம் நீலமாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே.

வேடிக்கை என்னவென்றால் மூல ஓவியங்களுக்கும் இதே கதிதான். 1889 மே மாதம் வான்கோ வரைந்த 'ஐரிஸ்' இப்போது அமெரிக்காவில் கெட்டி (Getty) அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகமே அதை நீலப்பூ ஓவியம் என்று கொண்டாடுகிறது. அவர் தீட்டியது ஊதா. அதில் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் போய், நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. 1890இல் வரைந்த ரோஜாக்களும் இளஞ்சிவப்பாக இருந்தவை, இன்று கிட்டத்தட்ட வெள்ளை. தன் சாயங்கள் நிற்காது என்பது அவருக்கே தெரியும், கடிதங்களில் எழுதியிருக்கிறார். ஆக, ஐரிஸ் பெட்டி வாங்குகிறவர்கள் வெளிறிய நிலையில்தான் படத்தை வாங்குகிறார்கள். அது மேலும் வெளிறினால் பெரிதாக வித்தியாசம் தெரியப்போவதில்லை!

கணக்குப்பிள்ளை

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. அருங்காட்சியகத்தில் கைகட்டி நின்று பார்க்கிற ஓவியத்தைச் சரக்கு ஏற்றுகிற ஆள் தலைகீழாகத் தூக்கி எறிவான். ஓவியனுக்கு இது மரியாதையா?

சிங்கைக்காரி

பெட்டியில் பூ என்பது நேற்று வந்த பழக்கமா அண்ணா? என் பாட்டியின் டிரங்குப் பெட்டி மூடியில் எனாமல் பெயிண்டில் ரோஜா வரைந்திருக்கும், பக்கத்தில் தாத்தா பெயரின் முதலெழுத்து. நார்வேயில் ரோஸ்மாலிங் என்று ஒரு கலையே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய குடியானவர்கள் மரப்பெட்டியில் பூக்கொடியும் பெயரும் ஆண்டும் எழுதிக்கொண்டு போனார்கள். அயோவா மாநிலத்தில் டெக்கோரா என்ற ஊரில் வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகத்தில் அவற்றை வைத்திருக்கிறார்கள். பெட்டி அடிவாங்கும் என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் வரைந்தார்கள்.

பனிநாட்டான்

சரியாச் சொன்னீங்கள் தங்கச்சி. எங்கட வீட்டிலயும் அப்பிடி ஒரு தகரப் பெட்டி இருந்தது.

வண்ணக்குழம்பு

மரியாதை பற்றிய கேள்விக்கு என் பங்கு: வான்கோ அந்தப் படத்தை வரைந்தது குழந்தையின் பெற்றோர் படுக்கையறையில் மாட்டுவதற்கு. அருங்காட்சியகத்துக்கு அல்ல. பெட்டியில் ஏறுவதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அதைக் கண்டபடி வெட்டுகிறவர்கள் மேல்தான். நாலு பூவை மட்டும் பிய்த்தெடுத்துச் சுவர்க் காகிதம்போல் திரும்பத் திரும்ப அடித்திருப்பார்கள், கிளையே இருக்காது. அந்த ஓவியத்தின் உயிர் கிளையில் இருக்கிறது.

இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் மோனேயின் அல்லிக்குளத்தையும் பாருங்கள் அக்கா. சுமார் 250 ஓவியங்கள் அந்தக் குளத்தையே வைத்து வரைந்திருக்கிறார். பாரிஸ் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இருப்பவை 2 மீட்டர் உயரம், எல்லாவற்றையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 91 மீட்டர் நீளம். மேல் கீழ் கிடையாது, நடு கிடையாது, கரையும் கிடையாது. எங்கே வெட்டினாலும் குளம்தான். ஜிப் நடுவில் ஓடினாலும் உறுத்தாது. நிறமும் வெளிர்தான், மெக்கானிக் சார் ஆட்சேபிக்க மாட்டார்.

பெட்டிமெக்கானிக்

ஆட்சேபணை இல்லை. மேட் பூச்சாக இருக்கட்டும்.

குமாஸ்தா

பெட்டி உடைந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானப் பயணத்தில் நேரும் இழப்புக்கு ஈடு தருவது பற்றிய மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியாவும் ஜெர்மனியும் இருக்கின்றன. செக்-இன் பெட்டிக்குச் சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டு உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). உடைசல், வீல் போனது, கைப்பிடி பிய்ந்தது இதற்கெல்லாம் பேசலாம். ஓவியத்தில் கீறல் விழுந்தது என்று போய் நின்றால் வழக்கமான தேய்மானம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எதற்கும் கிளம்பும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பெட்டியைத் திருப்பி வாங்கியதும் அங்கேயே பாருங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அளவையும் கவனியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான விமான நிறுவனங்களின் கணக்கு, அதுவும் வீல், கைப்பிடி சேர்த்து. சில 28 அங்குலப் பெட்டிகள் இதைத் தாண்டும்.

கோவைத்தென்றல்

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் இந்த உரையாடல் முழுவதையும் காட்டினேன். மோனேயைப் பார்த்துவிட்டு "தண்ணிதான் இருக்கு, பூவைக் காணோம்" என்றாள். ரூய்ஷ் ரொம்பப் பிடித்துவிட்டது, ஆனால் சுண்ணாம்புக் கோடு என்றதும் பின்வாங்கிவிட்டாள். கடைசியில் பாதாம் பூவே. இன்று கடைவீதிப் பெட்டியில் நகத்தை ஓட்டினேன், மேடு நன்றாகவே தட்டியது, விட்டுவிட்டேன். இன்னொரு கடையில் பாலிகார்பனேட் ஒன்று பார்த்தோம். வழுவழுப்பு, மூலையிலும் பூ நீளவில்லை, கிளையும் முழுதாக இருக்கிறது. டேப் வைத்து அளந்ததில் 156 வந்தது. அதையே எடுத்துவிட்டோம். வேறு யாருடையதோடும் மாறாமலிருக்கக் கைப்பிடிக்கு மஞ்சள் பட்டை ஒன்று வாங்கியிருக்கிறாள், கணக்குப்பிள்ளை அண்ணாவுக்கும் திருப்தியாக இருக்கட்டும்.

ஒரு சின்னக் கேள்வி. கடையில் ஒட்டிய விலை ஸ்டிக்கரை உரித்தேன். பசை அப்படியே பூ மேல் நிற்கிறது. நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுத் துடைக்கலாமா?

பெட்டிமெக்கானிக்

ஐயோ, தொடாதீர்கள் அக்கா! அதில் அசிட்டோன் இருக்கும், பாலிகார்பனேட் பட்ட இடத்திலேயே வெளுத்து மயிரிழை மயிரிழையாக விரியும். தின்னர், பெட்ரோல் எதுவுமே கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து பத்து நிமிடம் பசைமேல் போட்டு வையுங்கள். பிறகு விரலாலேயே உருட்டி எடுத்துவிடலாம். கத்தி, பிளேடு வேண்டாம். விமான நிலையத்தில் ஒட்டுகிற பார்கோடு ஸ்டிக்கருக்கும் இதே வழிதான், மகளிடம் சொல்லி அனுப்புங்கள்.